சூரைச்செடியின் கீழே படுத்திருக்கிறவர்கள்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-18

இந்த மாதம் எழுப்புதலைக் குறித்து எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இரண்டு வாரமாக ஆவியானவர் என்னை வேறொரு காரியத்துக்கு நேராக நடத்திக்கொண்டே இருந்தார். சபைக்குள்ளே நாம் சத்தமாகப் பேசாத காரியம் அது. சாவுக்கு விருப்பப்படுகிற ஜனங்களைப் பற்றியது. முகம் சுளிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

எலியாவை நமக்குத் தெரியும். கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கினவர். மூன்றரை வருஷம் அடைபட்ட வானத்தை முழங்காலில் நின்று திறந்தவர். ஆகாபின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் மட்டும் ஓடினவர். அவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்த அதிகாரத்திலேயே என்ன நடக்கிறது? ஒரு பெண்பிள்ளை அனுப்பின ஒரே ஒரு செய்தி. அவ்வளவுதான், மனுஷன் உடைந்துபோகிறார். பெயெர்செபாவிலே தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று விண்ணப்பம்பண்ணுகிறார்.

அந்த வேலைக்காரனை விட்டுவிட்டுப் போனதைக் கவனித்தீர்களா? மனசு உடைந்தவன் முதலில் செய்கிற வேலை அதுதான். கூட இருக்கிற ஆளைக் கழட்டி விடுகிறது. கூட்டத்துக்கு வருகிறதை நிறுத்துகிறது. போன் அடித்தால் எடுக்காமல் இருக்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "அந்த பிரதர் பின்வாங்கிப் போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம்.

எலியா மட்டும்தானா? மோசே அப்படி ஜெபித்தார், எண்ணாகமம் 11:15 வாசித்துப் பாருங்கள். யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். எரேமியாவும் சபித்தார். யோனா கேட்டேவிட்டார். இவர்களெல்லாம் விசுவாசம் இல்லாதவர்களா? ஊழியக்காரர்கள் ஐயா! தேவனோடே முகமுகமாய்ப் பேசினவனும் அந்த லிஸ்டில் இருக்கிறான்.

இப்போது தேவன் எலியாவுக்கு என்ன செய்தார் என்று பாருங்கள். இந்த வேதபகுதியை வைத்து பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன், எல்லாம் மெல்லிய சத்தத்தைப் பற்றித்தான். அதற்கு முந்தின வசனங்களை வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவேன். அங்கேதான் காரியம் இருக்கிறது. தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "கர்மேலைப் பார்த்தும் உனக்கு விசுவாசம் இல்லையா" என்று கேட்கவில்லை. உபவாசம் பண்ணு என்றும் சொல்லவில்லை. தூங்க விட்டார். பிறகு ஒரு தூதனை அனுப்பித் தொட்டு எழுப்பி, சுடச்சுட ஒரு அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார் தீர்க்கதரிசி. தூதன் கோபித்துக்கொண்டு போய்விட்டானா? இரண்டாந்தரமும் வந்தான், தொட்டான், சாப்பிட வைத்தான், உனக்குப் போக வேண்டிய வழி தூரமப்பா என்றான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி எப்போது வந்தது? நாற்பது நாள் கழித்து, ஓரேபிலே. அதுவும் எலியா தன் மனசில் உள்ளதை இரண்டு தரம் கொட்டித் தீர்க்கும்வரை தேவன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் செய்ய ஒரு வேலையும், கூட நடக்க எலிசா என்று ஒரு ஆளும் கொடுத்தார். நீ தனி ஆள் இல்லை, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றும் தெரியப்படுத்தினார்.

இனி நம்முடைய தேசத்தின் நிலைமையைச் சொல்கிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் வருஷம் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் மரித்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தால் தேசத்தின் சராசரி 12.4, தமிழ்நாட்டில் 25.9, அதாவது இரண்டு மடங்கு. காரணங்களில் முதலாவது குடும்பப் பிரச்சினை, அடுத்தது வியாதி. மரித்தவர்களில் பெரும்பகுதி வருஷத்துக்கு ஒரு லட்சம்கூட வருமானம் இல்லாதவர்கள். அந்த 19,834-ல் நம் சேலமும் நாமக்கல்லும் இல்லாமலா இருக்கும்?

நம்முடைய மேட்டுக்காட்டில் யார் யார் எந்தெந்தச் செடியின் கீழே படுத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பைனான்ஸில் லாரி வாங்கி, லோடு கிடைக்காமல், டியூ கட்ட முடியாமல், லாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட பிறகு வீட்டுக்கு வர வெட்கப்பட்டு பட்டறையிலேயே படுத்திருக்கிற சகோதரன். திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டியில் ஏறி வடக்கே போய் ஆறு மாதம் வீட்டைப் பார்க்காத வாலிபன். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறி ஓடாமல், வாரக் கடனும் குழுக் கடனும் ஒன்றுக்கொன்று வட்டி கட்டுகிற வீடு. மாவுப்பூச்சி விழுந்த மரவள்ளிக்காட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிற குடியானவன். மகன்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட, சுவரைப் பார்த்துப் பேசுகிற கிழவி. பிறகு நம் பிள்ளைகள்! கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. விடுதிப் பள்ளிக்கூடங்களையும் "பிராய்லர் ஸ்கூல்" என்று ஜனங்களே சொல்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழுப்பி மார்க்குக்காகவே தீனி போடுகிற இடம். கடன் வாங்கிச் சேர்த்துவிட்டு, "உனக்காகத்தான்டா இவ்வளவும்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிற தகப்பன்மாரே, அந்தப் பிள்ளையின் முதுகில் எத்தனை மூட்டை ஏற்றுகிறீர்கள் என்று தெரியுமா? பரீட்சையில் தவறினால் அந்த வருஷமே மறுபடி எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது. இதை ரிசல்ட் வந்த பிறகு சொல்லாதீர்கள், வருகிறதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்.

இப்போது என் பாவத்தை அறிக்கையிடுகிறேன். ஏறக்குறைய பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது. நம் சபைக்கு வருகிற ஒரு சகோதரி. தறிக்காரர் வீடு. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மட்டும் போடாதீங்க பாஸ்டர், மத்ததெல்லாம் எழுதுங்க, யாருக்காச்சும் ஆகட்டும்" என்று அந்த அம்மாளே சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தயங்கித் தயங்கி வந்து, "பாஸ்டர், தல பாரமாவே இருக்குதுங்க. நெஞ்சு படபடங்குது. ராத்திரில பொட்டுத் தூக்கம் இல்லீங்க. ஒரே யோசனையா இருக்குது" என்றார்கள். நான் எண்ணெய் பூசி ஜெபித்து, மூன்று நாள் உபவாசம் இருங்கள், சங்கீதத்தை வாசியுங்கள் என்றேன். ஏற்கெனவே சாப்பிடப் பிடிக்காமல் இளைத்துப்போனவளை உபவாசம் இருக்கச் சொன்னேன்! கவனியுங்கள், தேவன் அடை சுட்டுக் கொடுத்த இடத்தில் நான் சோற்றை நிறுத்தினேன். அடுத்த மாதம் புருஷன் சேலத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மாத்திரைச் சீட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து, "இத சாப்பிடலாமுங்களா?" என்று கேட்டார்கள். நான் பைபிள் காலேஜில் டிப்ளமோ வாங்கினவன். அந்தத் தைரியத்தில், "சிஸ்டர், உங்களுக்கு மாத்திரை வேணுமா, கர்த்தர் வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். அன்று கூடியிருந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து விடியற்காலம் புருஷன் போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாயில் ஜெபம் வரவில்லை. வராந்தாவில் அவருடைய தாயார், இரட்சிக்கப்படாத அம்மாள், நெற்றியில் திருநீறோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கதான சாமி மாத்திரய நிறுத்தச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒன்பது நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்தேன். கர்த்தர் இரக்கமாயிருந்தார், சகோதரி பிழைத்தார்கள். மருத்துவர் மறுபடியும் மாத்திரை கொடுத்தார். தூக்கம் முதலில் வந்தது, சாப்பாடு பிறகு வந்தது, சிரிப்பு வர மூன்று மாதம் பிடித்தது.

அந்த வராந்தாவில்தான் 1 சாமுவேல் முதல் அதிகாரம் எனக்குத் திறக்கப்பட்டது. அன்னாள் மனங்கசந்து அழுகிறாள், சாப்பிடவில்லை, உதடு மட்டும் அசைகிறது. ஆசாரியனாகிய ஏலி பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்! தேவாலயத்தின் கதவு நிலை அண்டையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே துக்கத்துக்கும் வெறிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் ஏலி என்னைவிட நல்லவன். அவள் விளக்கிச் சொன்னதும் தன் வார்த்தையை மாற்றிக்கொண்டான். எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா தேவைப்பட்டது.

பிசாசின் போராட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விடுதலை ஊழியத்தை நான் விட்டுவிடவும் இல்லை. ஆனால் தூங்காதவர்கள் எல்லாரும் பிசாசு பிடித்தவர்கள் அல்ல. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது ஜெபித்தார், கண்ணீர்விட்டார், தேவன் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார், ஏசாயா 38:21. வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. பவுலோடு கூட நடந்த லூக்கா வைத்தியன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மூப்பரை நாம் பின்மாற்றக்காரர் என்று சொல்கிறோமா? மூளையும் ஈரலைப்போல, இருதயத்தைப்போல ஒரு உறுப்புதான். மன அழுத்த மாத்திரை சாப்பிட்ட அன்றைக்கே வேலை செய்யாது. இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்குமேலும் ஆகும். அதற்குள் "ஒண்ணும் ஆகலீங்க" என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகர். கொஞ்சம் சுகமானதும் விட்டுவிடுகிறவர்கள் அதைவிட அநேகர். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022-ல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அந்த அம்மாள் "யோசனையா இருக்குது" என்று சொன்னதைத் திரும்பப் பாருங்கள். நம் ஊரில் யாராவது "எனக்கு மன அழுத்தம்" என்று வந்து சொல்கிறார்களா? சொல்லமாட்டார்கள். தலை பாரம், கை கால் ஓய்ச்சல், நெஞ்சடைப்பு, வயிறு எரிச்சல், "மனசே சரியில்லைங்க", "எங்கியாச்சும் போயிரலாம்னு இருக்குது", "நான் இருந்து என்ன ஆகப்போகுது", "எல்லாருக்கும் பாரமா இருக்கறேன்". இதுதான் நம் ஜனங்களின் பாஷை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்திலும் இதேதான். ஷோனா பாஷையில் "குஃபுங்கிசிசா" என்கிறார்கள், அளவுக்கு மிஞ்சி யோசிக்கிறது என்று அர்த்தம். அந்தத் தேசம் முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் ஒரு டஜன் அளவுக்குத்தான் இருந்தார்கள். டிக்சன் சிபாண்டா என்கிற மருத்துவர் 2006-ல் ஒரு காரியம் செய்தார். ஊரிலுள்ள பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து முற்றத்தில் ஒரு மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். யோசனைக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள், பாட்டி கேட்பாள். ஆறு தரம் வரை வரலாம். பாட்டி பெரிய உபதேசம் பண்ணுகிறதில்லை. "இருக்கிற கஷ்டத்துல எதை முதலில் பார்க்கலாம்" என்று சேர்ந்து யோசிப்பாள். 573 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டிகளிடம் பேசினவர்கள், ஆறு மாதம் கழித்தும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல சுகமாயிருந்தார்கள். நம் வீட்டுத் திண்ணையும் பாட்டிகளும் எங்கே போயின? திண்ணையை இடித்துக் கேட்டு வைத்துவிட்டோம். பாட்டி சீரியல் பார்க்கிறாள். (என் மாமியாரும்தான், கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.)

லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1935-ல், ஊழியத்துக்கு வந்த புதிதில், அவர் நடத்தின ஒரு அடக்க ஆராதனை 14 வயதுப் பெண்பிள்ளையினுடையது. அந்தக் குழந்தை வயதுக்கு வந்திருக்கிறது. அது என்னவென்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஏதோ கெட்ட வியாதி என்று பயந்து உயிரை விட்டுவிட்டாள். பாதிரியார் அதை மறக்கவில்லை. 1953-ல் தன் ஆலயத்தில் ஒரு டெலிபோனை வைத்து, சாக நினைக்கிறவர்கள் பேசலாம் என்று அறிவித்தார். ஜனங்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். அவரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சாதாரண விசுவாசிகள் சிலரை வைத்தார். கொஞ்ச நாளில் பார்த்தால், டீ குடித்துப் பேசினவர்களில் அநேகர் பாதிரியாரைப் பார்க்காமலேயே லேசான மனதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்! கேட்கிற காது போதும் என்று கண்டுகொண்டார். அதே வழியில்தான் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சினேகா என்ற அமைப்பைத் தொடங்கினார். போனை எடுக்கிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

நம்மில் சிலருக்கு ஒரு பயம் உண்டு. "அதைப்பத்திக் கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?" ஆகாது. ஆராய்ந்தவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். "சாகணும்னு தோணுதா அம்மா?" என்று நேராகக் கேட்டால், அநேகருக்கு அப்பாடா என்றுதான் இருக்கும். கேட்டபின் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், வசனத்தை எடுத்து அடிக்காதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல ஊழியம். வாயைத் திறந்தபிறகு எல்லாம் கெட்டது.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்கு வாருங்கள், அப்போஸ்தலர் 16. நடுராத்திரி, பூமியதிர்ச்சி, கதவெல்லாம் திறந்துகிடக்கிறது. கைதிகள் ஓடிவிட்டார்கள், என் மானம் போயிற்று, வேலை போயிற்று, நாளைக்கு அதிகாரிகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவிவிட்டான். நம் ஊர் மானப் பிரச்சினையேதான்! பவுல் என்ன செய்தார்? இருட்டிலே மிகுந்த சத்தமாய்க் கூப்பிட்டார். உனக்கு நீயே கெடுதி செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று தெரியப்படுத்தினார். இரட்சிப்பைப்பற்றின பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நிமிஷம் கடந்தது, அந்த ராத்திரியிலேயே அவன் வீடு முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது.

அந்த ஒரு நிமிஷம் என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். சாகவேண்டும் என்கிற வேகம் அலையைப்போல ஏறி இறங்குகிறது. ஏறியிருக்கிற நேரத்தில் கைக்கெட்டின தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் ஜீவனையும் மரணத்தையும் தீர்மானிக்கிறது. அந்த வேளையில் காப்பாற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிறகு அந்த விதமாய் மரிக்கிறதில்லை. நம் குடியானவர் வீடுகளில் வயல் மருந்து எங்கே இருக்கிறது? அடுப்படிப் பரண்மேல், கட்டிலடியில். கடலூர் மாவட்டத்தில் சில கிராமங்களில் விவசாயிகளின் மருந்தையெல்லாம் வீட்டில் வைக்காமல், பேங்க் லாக்கர்போலப் பூட்டுள்ள பெட்டிகளில் ஒரு பொது இடத்தில் வைத்து, ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சினேகா சகோதரர்கள் செய்த காரியம் அது. அந்த ஊர்களில் மருந்தினால் வந்த மரணம் குறைந்தது என்று 2013-ல் எழுதினார்கள். நம் தமிழ் ஜனங்களும் இருக்கிற இலங்கையில் 1995 முதல் கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாய்த் தடைசெய்தது. இருபது வருஷத்தில் தற்கொலை மரண விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கடன் தீர்ந்ததாலோ, சண்டை ஓய்ந்ததாலோ அல்ல. கைக்கெட்டாமல் போனதினால்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்து வைத்து, நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தி, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேளுங்கள். 2017-ல் போடப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அரசாங்கம் அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பழைய 309-ம் பிரிவு 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் அப்படியே இல்லை. போலீஸ் வந்து விசாரிக்கலாம், அதற்குப் பயப்படவேண்டாம். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தச் சட்டத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப்போனார்கள். "அது தர்கா பக்கத்துல நடந்தது, நமக்கென்ன" என்று சொல்லவேண்டாம். நம்மவர்களுடைய ஒரு ஜெபவீட்டில், ஊரைச் சொல்லமாட்டேன், ஒரு வாலிபனை ஜன்னல் கம்பியில் துணியால் கட்டி வைத்திருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்று நானும் கைவைத்து ஜெபித்துவிட்டு, கட்டை அவிழ்க்காமல் வந்தேன். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் 1957-லிருந்தே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடத் தங்குகிற முறை இருக்கிறது. அம்மா சமைப்பாள், அண்ணன் கூட நடப்பான், மருத்துவர் எல்லாரோடும் பேசுவார். நம் ஜனங்களுக்குப் பொருந்துகிறது அதுதான்.

கொஞ்ச நாளைக்கு முன் நம் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் சகோதரன் அந்தவிதமாய்ப் போய்விட்டார். கல்லறையில் இடம் கொடுக்கலாமா என்று மூப்பர்கள் கூடினார்கள். நான் வேதத்தை எடுத்து வாசித்தேன். அகித்தோப்பேலை அவன் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணினார்கள், 2 சாமுவேல் 17:23. சவுலின் உடலை யாபேஸ் கீலேயாத்தார் ராமுழுதும் நடந்துபோய் எடுத்துவந்து அடக்கம்பண்ணி ஏழு நாள் உபவாசித்தார்கள். தாவீது ஆள் அனுப்பி அவர்களை ஆசீர்வதித்தார். அதற்குமேல் பேச்சில்லை, அடக்கம்பண்ணினோம். விதவையான சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு நரகத்துக்குப் போயிட்டாருங்களா?" என்று கேட்டாள். நியாயத்தீர்ப்பு நம் கையில் இல்லை, சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்கிறவர், அவர் இரக்கமும் உள்ளவர் என்று சொன்னேன். அதற்கு முன்னே பிரசங்க பீடத்தில் நின்று "தற்கொலை பண்ணினவனுக்கு நரகம்" என்று கர்ஜித்தவன்தான் நான். அந்தப் பிரசங்கம் யாரையும் காப்பாற்றினதாகத் தெரியவில்லை. அந்த டிரைவர் சகோதரன் பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு என்னிடத்தில் வந்து மனசைத் திறப்பாரா?

சபையில் இப்போது சில காரியங்களைச் செய்கிறோம். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராதவர்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேராகப் போகிறோம். காணிக்கை பேசுகிறதில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கிறதில்லை. சாப்பாடோ டீயோ கொண்டுபோகிறோம். சபைக் கொட்டகைக்குப் பின்னால் இரும்புப் பெட்டி ஒன்று அடித்து வைத்திருக்கிறோம். இதுவரை ஏழு குடும்பங்கள் வயல் மருந்தை அதில் வைத்திருக்கிறார்கள், அதில் நான்கு குடும்பங்கள் சபைக்கு வராதவர்கள். சாவி மூப்பர் ஐயா வீட்டில். ராத்திரி பத்து மணிக்குமேல் யார் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம், எனக்கும் சேர்த்துத்தான்.

இதை வாசிக்கிற நீங்களே அந்தச் செடியின் கீழே படுத்திருக்கிறவராயிருந்தால், இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வெட்கமாயிருந்தால் பாஸ்டரம்மாவிடம் சொல்லுங்கள். முகம் தெரியாத ஆளிடம் சொன்னால் தேவலை என்றால், டெலி மானஸ் 14416 ராப்பகலாக இருக்கிறது, காசில்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சினேகா 044-24640050. கூப்பிட்டால் ஜெபக்குறைவு என்று கர்த்தர் எண்ணமாட்டார்.

வருகிற வியாழன் மூன்று வீடுகள் இருக்கின்றன. ராகி அடை சுட்டுக் கொண்டுவருகிறேன் என்று முன்னே சொன்ன அந்தத் தறிக்கார சகோதரி சொல்லியிருக்கிறார்கள். கூட வர ஒரு ஆள் வேண்டும், மாலை ஐந்தரைக்கு சபைக்கு வந்துவிடுங்கள்.